நெக்ஸான் இ.வி. 45: ஒரு வருஷத்துக் கரண்ட் கணக்கு

எலெக்ட்ரிக் கார் வாங்கலாமா என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டால், நான் மைலேஜ் பேச்சை எடுப்பதில்லை. "வீடு சொந்த வீடுங்களா? வண்டி நிக்கிற எடத்துக்கும் மீட்டர் பொட்டிக்கும் எத்தன அடி?" என்றுதான் கேட்பேன். ஒரு சார்ஜுக்கு எவ்வளவு ஓடும், தீப்பிடிக்குமா, பேட்டரி போனால் எத்தனை லட்சம் என்று கேட்க வந்தவருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டியாகிவிட்டது. அவர் கேட்க வந்த எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பதில்கள் எல்லாமே மீட்டர் பெட்டியைப் பொறுத்து மாறும்.

வண்டி டாடா நெக்ஸான் இ.வி., 45 கிலோவாட்ஹவர் பேட்டரி. நம் பேச்சில் 45 யூனிட் பிடிக்கிற பேட்டரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஈபி பில்லில் வருகிற அதே யூனிட்தான். 2024 செப்டம்பரில் இந்தப் பேட்டரியோடு விற்பனைக்கு வந்தது. நாங்கள் அந்தத் தீபாவளி வியாபாரம் முடிந்த கையோடு எடுத்தோம். வீடு சென்னிமலை. ஈரோட்டில் போர்வை, பெட்ஷீட், பவானி ஜமுக்காளம் மொத்தக் கடை. போக வர அறுபது கிலோமீட்டர், மாதத்துக்கு ஆயிரத்து ஐநூறு ஓடும். டிக்கியில் எப்போதும் இரண்டு கட்டு போர்வை கிடக்கும், அமுக்கினால் மூன்று. முன்பு வைத்திருந்தது பெட்ரோல் கார், லிட்டருக்குப் பதினான்கு கொடுத்தது. கடைக் கணக்கு நான்தான் எழுதுகிறேன் என்பதால் வண்டிக் கணக்கும் என் நோட்டில்தான் இருக்கிறது.

முதலில் எல்லோரும் கேட்கும் ரேஞ்ச், அதாவது ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம். அரசு அமைப்பான ஏ.ஆர்.ஏ.ஐ. சான்று 489 கிலோமீட்டர். அதை யாரும் ரோட்டில் எடுத்ததாக நான் கேள்விப்படவில்லை, கம்பெனியும் அதை நம்பச் சொல்லவில்லை. 350-க்குக் கொஞ்சம் மேலே எதிர்பார்க்கலாம் என்று அவர்களே தனியாக ஒரு கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு யூனிட்டுக்கு ஏழு, ஏழரை கிலோமீட்டர் வருகிறது. முழு பேட்டரிக்கு முந்நூற்று இருபது, முப்பது. நான் பொறுமையாக ஓட்டுகிற ஆளும் இல்லை, பின்னால் போர்வைக் கட்டும் இருக்கிறது. மெதுவாக ஓட்டுகிறவருக்குக் கம்பெனி சொன்ன கணக்கு கிடைக்கும் என்றே நினைக்கிறேன்.

பைபாஸ் ஏறினால் கதை வேறு. எண்பதில் போனால் யூனிட்டுக்கு ஏழு. நூறில் போனால் ஐந்தே முக்கால். நூற்றுப் பத்தைத் தொட்டால் ஐந்துக்கு வந்துவிடும். காரணம் காற்று. வேகம் இரட்டித்தால் காற்று தடுக்கிற விசை நான்கு மடங்கு ஆகும், அதைத் தள்ளிக்கொண்டு போகத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்கு. இந்த மாதிரி உயரமான வண்டியை எண்பதில் சமதளத்தில் ஓட்டப் பன்னிரண்டு கிலோவாட்டுக்குள்தான் தேவை, அதாவது மணிக்குப் பன்னிரண்டு யூனிட். நூறில் அது பதினேழு, பதினெட்டு ஆகிவிடுகிறது. மோட்டாரின் முழுச் சக்தி 106 கிலோவாட். சமதளத்தில் நூறில் போக அதில் ஆறில் ஒரு பங்குதான் தேவைப்படும். மிச்சமெல்லாம் லாரியை ஓவர்டேக் செய்கிற அந்த நாலு நொடிக்கு. அந்த நாலு நொடி நன்றாகத்தான் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெட்ரோல் காரிலும் இதே காற்றுதான். அங்கே இன்ஜின் எரிப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சூடாகவே போய்விடுவதால் இந்த வித்தியாசம் அவ்வளவாக உறைப்பதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய ஒன்பது யூனிட் சக்தி இருக்கிறது. அப்படிப் பார்த்தால் என் 45 யூனிட் பேட்டரி என்பது ஐந்து லிட்டர் பெட்ரோல். ஐந்து லிட்டர் டேங்க்கை வைத்துக்கொண்டு முந்நூறு கிலோமீட்டர் போகிறது என்றால் மோட்டார் எவ்வளவு சிக்கனம் என்று பாருங்கள். அதே சமயம், ஐந்து லிட்டர் டேங்க்கோடு சென்னைக்குக் கிளம்புகிறோம் என்பதும் உண்மைதான். ரேஞ்ச் பயம் ரேஞ்ச் பயம் என்கிறார்களே, அது இதுதான்.

ஏ.சி. பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். சித்திரை வெயிலில் ஈரோட்டில் மணிக்கு ஒன்று, ஒன்றரை யூனிட் இழுக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஏழெட்டு, பத்து கிலோமீட்டர் குறையும், அவ்வளவுதான். ஜன்னலைத் திறந்துகொண்டு தொண்ணூறில் போனால் காற்றுத் தடையிலும் கொஞ்சம் போய்விடும். வேர்த்துக்கொண்டு போனதுதான் மிச்சம்.

சரி, மீட்டர் பெட்டிக்கு வருகிறேன்.

வண்டியோடு 15 ஆம்ப் பிளக்கில் சொருகுகிற சார்ஜர் கொடுத்தார்கள். ஷோரூம்காரர், "கீசர் பாயிண்ட் இருந்தா போதுங்க மேடம்" என்றார். வீட்டுக்கு வந்து சொருகினால் சிவப்பு விளக்குதான் எரிகிறது. பிளக்கை மாற்றி, போர்டை மாற்றிப் பார்த்தோம், சிவப்பேதான். வண்டியில்தான் கோளாறு என்று வீட்டுக்காரர் முடிவே கட்டிவிட்டார். எங்கள் எலெக்ட்ரீஷியன் வந்து மல்டிமீட்டரின் ஒரு முனையை நியூட்ரலிலும் மறுமுனையை எர்த்திலும் வைத்தார். பதினான்கு வோல்ட் காட்டியது. "ரெண்டு மூணுக்கு மேல இருக்கக் கூடாதுங்க அம்மா. உங்கூட்டுல எர்த்து கம்பி இருக்குது, எர்த்து இல்லீங்க" என்றார். இருபது வருஷமாக அந்த வீட்டில் ஃபிரிட்ஜும் கிரைண்டரும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு எர்த் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கத் தெரியாது, காருக்குத் தெரிகிறது. எர்த் சரியில்லாத இடத்தில் சார்ஜ் ஏற மறுப்பது சார்ஜரின் கோளாறு இல்லை, அதன் வேலையே அதுதான்.

முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் குழி தோண்டி, ஜி.ஐ. பைப் இறக்கி, கரியும் கல்லுப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடி, நான்கு குடம் தண்ணீர் ஊற்றினார்கள். மறுபடி மீட்டர் வைத்தால் ஒன்றரை வோல்ட். பச்சை விளக்கு எரிந்தது. இப்போதும் கோடையில் வாரம் ஒரு தரம் அந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது அத்தையின் பொறுப்பு. "காருக்குத் தண்ணி ஊத்தியாச்சு" என்பார்.

15 ஆம்ப் பாயிண்டில் மணிக்கு மூன்று யூனிட்டுக்குள்தான் ஏறும். தினம் அறுபது கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு அது தாராளம், மூன்றரை மணி நேரத்தில் அன்றைக்கு ஓடியது திரும்ப ஏறிவிடும். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். கீசர் இருபது நிமிஷம் ஓடி நின்றுவிடும். கார் பேட்டரி அடிமட்டத்தில் இருந்தால் பதினைந்து மணி நேரம் நிற்காமல் பதின்மூன்று ஆம்ப் இழுக்கும். சாதாரண சுவிட்ச் போர்டு சாக்கெட் அந்தச் சூட்டுக்கு இளகும். இண்டஸ்ட்ரியல் சாக்கெட் போட்டு, மீட்டரிலிருந்து தனி வயர் இழுத்து, தனி பிரேக்கர் வையுங்கள். செலவு ஒரு நல்ல பட்டுச்சேலை அளவு.

நாங்கள் பிறகு சுவரில் மாட்டுகிற சார்ஜரான 7.2 கிலோவாட் வால் பாக்ஸும் மாட்டினோம். அது 32 ஆம்ப் இழுக்கும். ஆறு மணி நேரம் சொச்சத்தில் பேட்டரி நிரம்பிவிடும். வண்டிக்குள் இருக்கும் சார்ஜர் ஒரே ஃபேஸில்தான் வேலை செய்யும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. மூன்று ஃபேஸ் இணைப்பு இருந்தாலும் அத்தனை ஆம்பும் ஒரே ஃபேஸில் விழும். எங்கள் வீட்டில் இரண்டு ஏ.சி.யும் கிணற்று மோட்டாரும் எந்தெந்த ஃபேஸில் என்று பார்த்து, மிச்சமிருந்ததைக் காருக்கு ஒதுக்கினோம். ஒற்றை ஃபேஸ் வீடாக இருந்தால் இந்தப் பாக்ஸ் ஆசையை விட்டுவிடுங்கள், 15 ஆம்ப் போதும். வயரில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். முதலில் பார்க்க வந்த ஆள் நான்கு ஸ்கொயர் எம்.எம். போதும் என்றார். ஆறுக்குக் குறைந்து நான் விடவில்லை. ஈபி ஆபீஸில் லோடு கூட்டவும் எழுதிக் கொடுத்தோம். எழுதிக் கொடுக்காமல் இழுக்கிறவர்கள்தான் ஊரில் அதிகம், டிரான்ஸ்ஃபார்மர் என்ன ஆகும் என்பது அவர்கள் கவலை இல்லை.

இனி பில். "கிலோமீட்டருக்கு எழுபது காசுங்க" என்றுதான் விற்கும்போது சொல்வார்கள். நூறு யூனிட் இலவசம், அதற்கு மேல் சல்லிசு விலை என்கிற நம் ஊர் பில்லில் முதல் படியை மட்டும் பார்த்துச் சொல்கிற கணக்கு அது. அந்த முதல் படிகளை ஏற்கெனவே வீட்டு ஃபிரிட்ஜும் ஏ.சி.யும் தின்றுவிட்டன. கார் ஏறுவது மேல் படிகளில்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் ஆகும். கார் வந்த பிறகு 860. காருக்கு மட்டும் 480. பேட்டரிக்கு ஏறுவதைவிட மீட்டரில் பத்துப் பன்னிரண்டு சதவீதம் கூடுதலாக ஓடும், அது சூடாகப் போகிற நஷ்டம். இந்த 480 யூனிட்டில் முதல் இருபதுதான் ஐந்து ரூபாய்க்குள். அடுத்த நூறு ஆறரையை ஒட்டி. 500 தாண்டினால் எட்டரை, 600 தாண்டினால் ஒன்பதரை, 800 தாண்டினால் பத்தரை. ஆயிரத்தைத் தாண்டுகிறவருக்குப் பதினொன்றரைக்கும் மேல். போதாததற்கு 500 தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான சலுகை விலையும் போய்விடும், அது ஒரு இருநூற்றுச் சொச்சம். எல்லாம் கூட்டினால் காருக்காக இரண்டு மாதத்துக்கு 4,300 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறேன். யூனிட் ஒன்பது ரூபாய், கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் நாற்பத்தைந்து காசு.

எழுபது காசு இல்லை. ஆனாலும் பழைய காருக்கு இதே 3,000 கிலோமீட்டருக்கு, லிட்டர் 101 ரூபாய் போட்டால், 21,600 ரூபாய் பெட்ரோல் ஊற்றியிருப்பேன். மாதத்துக்கு எட்டாயிரத்து அறுநூறுக்கு மேல் மிச்சம். அதனால் எழுபது காசு என்று சொன்னவரை மன்னித்துவிட்டேன். மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் மூன்று கிலோவாட் சோலாருக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறார்கள், நம் பக்கத்து வெயிலுக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு யூனிட் சராசரியாக வரும். மேல் படியில் ஏறுகிற யூனிட்தான் அதில் முதலில் குறையும் என்பதால் கார் இருக்கிற வீட்டுக்கு அது சீக்கிரம் காசு திரும்புகிற செலவு. எங்கள் மாடியில் தண்ணீர் டேங்க்கை நகர்த்த வேண்டும், அந்தப் பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது வெளியூர். ஈரோட்டிலிருந்து சேலம், ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை வழியாகச் சென்னை நானூறு கிலோமீட்டர். வீட்டில் நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் உளுந்தூர்பேட்டை பக்கம் வரும்போது இருபது சொச்சம் இருக்கும். அங்கே ஒரு ஓட்டல் வாசலில் ஃபாஸ்ட் சார்ஜர். வண்டி அறுபது கிலோவாட் வரை வாங்கும், பத்திலிருந்து எண்பதுக்கு நாற்பது நிமிஷம் என்கிறது கம்பெனி. அறுபது கொடுக்கிற மிஷின் கிடைத்தால் அது சரியாகவே இருக்கிறது. ஆனால் போர்டில் அறுபது என்று எழுதியிருக்கிற மிஷினில் இரண்டு கன் (வண்டியில் சொருகுகிற முனை) இருக்கும். பக்கத்தில் இன்னொரு வண்டி வந்து சொருகியதும் ஆளுக்கு முப்பது. நாற்பது நிமிஷம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். எண்பதுக்கு மேல் ஏறுவது நத்தை வேகம், அதற்காகக் காத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். எண்பதில் கழற்றிவிட்டு அடுத்தவருக்கு விடுவதுதான் மரியாதை.

ஒவ்வொரு சார்ஜருக்கும் ஒரு ஆப், ஒவ்வொரு ஆப்பிலும் ஒரு வாலட், ஒவ்வொரு வாலட்டிலும் நூற்றுச் சொச்சம் ரூபாய் மாட்டிக்கொண்டு கிடக்கிறது. ஒரு தரம், பெயர் வேண்டாம், ஒரு ஸ்டேஷனில் காசு பிடித்தாகிவிட்டது, கரண்ட் வரவில்லை. ஹெல்ப்லைன் பெண் "ரீஸ்டார்ட் பண்ணுங்க மேடம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பெருக்கிக்கொண்டிருந்த வாட்ச்மேன்தான் வந்தார். கன்னை இரண்டு கையாலும் பிடித்து மேல்நோக்கித் தூக்கி, "அந்த வயரு கனத்துல கீழ தொங்குதுங்க, உள்ள பின்னு ஒட்டல" என்று ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தார். ஏறியது. அந்தச் செங்கல் அங்கேயே நிரந்தரமாக இருக்கிறது போல, மூலை எல்லாம் வழவழவென்று தேய்ந்திருந்தது. காசு ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தது.

விலையைப் பார்ப்போம். நான் போட்ட இடங்களில் யூனிட் 18 முதல் 25 ரூபாய் வரை. அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. இருபது ரூபாய் என்று வைத்தால் கையை விட்டுப் போவது இருபத்து மூன்று ரூபாய் அறுபது காசு. நூறில் ஓட்டினால் கிலோமீட்டருக்கு நான்கே கால் ரூபாய்.

இந்த இடத்தில்தான் என் தம்பி சிரிப்பான். அவன் வேளச்சேரியில் வாடகை ஃபிளாட்டில் இருக்கிறான். வைத்திருப்பது டொயோட்டா ஹைரைடர் ஹைபிரிட், பெட்ரோல் இன்ஜினோடு சின்ன பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்த வண்டி. மாருதி கிராண்ட் விட்டாராவிலும் இதே இன்ஜின்தான், ஒன்றரை லிட்டர், மூன்று சிலிண்டர், சான்று மைலேஜ் 27.97. அவனுக்குச் சென்னை டிராஃபிக்கில் இருபத்து மூன்று வருகிறது, பைபாஸில் இருபத்தொன்று. பைபாஸைவிட ஊருக்குள் அதிகம் கொடுப்பதுதான் ஹைபிரிடின் குணம். சிக்னலில் பிரேக் போடும்போது வீணாகிற சக்தியைப் பிடித்து வைத்து, கிளம்பும்போது திருப்பிக் கொடுக்கும். ஊர்ந்து போகும்போது இன்ஜின் அணைந்தே இருக்கும். "சார்ஜே போட வேண்டாத எலெக்ட்ரிக் கார்க்கா" என்பான். அதன் பேட்டரி 0.76 யூனிட், என்னுடையதில் அறுபதில் ஒரு பங்கு. பெட்ரோல் இல்லாவிட்டால் நாலைந்து கிலோமீட்டரில் நின்றுவிடும். அது பெட்ரோல் கார்தான், ஆனால் கெட்டிக்காரப் பெட்ரோல் கார். பைபாஸில் கிலோமீட்டருக்கு நான்கே முக்கால் ரூபாய். எனக்கு நான்கே கால். அந்த ஐம்பது காசுக்காக நான் முக்கால் மணி நேரம் ஓட்டல் வாசலில் நிற்கிறேன், அவன் நிற்பதில்லை.

போகும்போது எனக்குச் சென்னை 1,200 ரூபாய்க்குள் முடிந்தது, யூனிட்டில் பாதிக்கு மேல் வீட்டுக் கரண்ட். திரும்பும்போது 1,700-ஐத் தொட்டது. ஒரே ரோடு, ஒரே வண்டி, ஒரே கால். வித்தியாசம் என்னவென்றால் தம்பி ஃபிளாட்டில் பார்க்கிங்கில் பிளக் பாயிண்ட் கிடையாது, திரும்பி வரத் தேவையானது முழுக்க வெளியில் வாங்கிய கரண்ட். அவனுக்கு ஹைபிரிடில் இதே தூரத்துக்கு 1,900 ஆகும். அவனைப் போல வாடகை வீட்டில், ரோட்டோரம் வண்டி நிறுத்துகிறவருக்கு எலெக்ட்ரிக் கார் வாங்கச் சொல்லவே மாட்டேன். வாரம் இரண்டு தரம் ஃபாஸ்ட் சார்ஜருக்கு அலைந்து, ஹைபிரிடுக்குச் சமமாகச் செலவழித்து என்ன பயன்?

ஆனால் ஹைபிரிட் வாங்குகிற இடத்திலேயே அடி விழும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சத்துக்குள் இருக்கும் காருக்கு வாழ்நாள் வரி 18 சதவீதம். பதினேழு லட்ச ரூபாய் ஹைபிரிடுக்கு மூன்று லட்சம் வரி. நான் எடுத்தபோது பேட்டரி வண்டிக்கு அது முழுக்கத் தள்ளுபடி. உத்தரப்பிரதேசத்தில் 2024-இல் தம்பி வண்டி மாதிரி ஸ்டிராங் ஹைபிரிடுக்கும் பதிவு வரியை நீக்கினார்கள், இங்கே இல்லை. மத்திய அரசின் ஜி.எஸ்.டி.யும் அப்படித்தான்: எலெக்ட்ரிக்குக்கு 5, தம்பி வண்டி மாதிரிப் பெரிய ஹைபிரிடுக்கு முன்பு செஸ்ஸோடு 43, 2025 செப்டம்பர் மாற்றத்துக்குப் பிறகு 40. அதே மாற்றத்தில் நான்கு மீட்டருக்குள் இருக்கும் சின்ன பெட்ரோல் கார்களுக்கு 18 ஆகக் குறைத்துவிட்டார்கள். அதனால் இப்போது பெட்ரோல் நெக்ஸானுக்கும் என் வண்டிக்குமான விலை வித்தியாசம் நான் வாங்கியபோது இருந்ததைவிட அதிகம். இந்த 45 பேட்டரி வண்டியின் அறிமுக விலை 13.99 லட்சத்தில் தொடங்கியது. பெட்ரோலைவிட மூன்று லட்சம் கூடக் கொடுத்தாலும் என் ஓட்டத்துக்கு மூன்று வருஷத்தில் வந்துவிடும். மாதம் ஐநூறு கிலோமீட்டர்தான் ஓடுவீர்கள் என்றால் எட்டு வருஷத்துக்கு மேல் ஆகும். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வண்டி எடுக்கிறவர்கள் சின்னதாக ஒரு பெட்ரோல் காரை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்.

மலை ஏறுமா என்று கேட்பார்கள். ஊட்டி போனோம், இ-பாஸ் எடுத்துக்கொண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழி ஏறி, கோத்தகிரி வழி இறக்கம். மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் உயர வித்தியாசம் 1,900 மீட்டர் இருக்கும். ஆட்களும் பெட்டியுமாகச் சேர்த்து 1,800 கிலோவை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் ஒன்பது யூனிட் சொச்சம் தேவை, பள்ளிக்கூடக் கணக்குதான். உருளுகிற தடை, நஷ்டம் எல்லாம் சேர்த்துப் பதினாறு யூனிட் ஆனது. பேட்டரி எண்பது சதவீதத்தில் ஏற ஆரம்பித்து நாற்பத்தைந்தில் போய்ச் சேர்ந்தோம். கொண்டை ஊசி வளைவில் கியர் மாற்றுகிற வேலை கிடையாது, மிதித்தால் ஏறும். இதில் மட்டும் எந்தப் பெட்ரோல் வண்டியும் பக்கத்தில் வராது.

இறக்கம்தான் எனக்குப் பிடித்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் பேடிலில் ரீஜெனை மூன்றில் வைத்துவிட்டால் காலை எடுத்ததும் வண்டி தானே பிடித்துக்கொள்ளும், மோட்டார் ஜெனரேட்டராகி பேட்டரிக்குக் கரண்ட் அனுப்பும். கீழே வரும்போது ஊட்டியில் கிளம்பியதைவிட ஏழு சதவீதம் கூடியிருந்தது. பிரேக் ஷூ வாசனையே இல்லை. தம்பியின் ஹைபிரிடும் இதையே செய்யும். ஆனால் அந்தக் குட்டி பேட்டரி சில வளைவுகளிலேயே நிரம்பிவிடும், அப்புறம் இன்ஜின் பிரேக்கிங்தான். ஒரு எச்சரிக்கை: ஊட்டி ஓட்டலில் சார்ஜர் இருக்கிறதே என்று நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். நிரம்பிய பேட்டரியில் கரண்ட் போக இடமில்லை, ரீஜென் வேலை செய்யாது, முழுப் பாரமும் பிரேக்கில் விழும்.

மற்றவை சுருக்கமாக. விபத்துப் பாதுகாப்புச் சோதனையான பாரத் என்கேப்பில் ஐந்து நட்சத்திரம். சஸ்பென்ஷன் நம் ரோட்டுக்கு நல்லது. சத்தம் இல்லாததால் சந்தைக்குள் ஆட்கள் விலகுவதில்லை, ஹாரனுக்குத்தான் வேலை. இன்ஜின் ஆயில் மாற்றம், ஆயில் ஃபில்டர் எதுவும் இல்லாததால் சர்வீஸ் செலவு சொற்பம். ஆனால் எடை அதிகம், எடுத்தவுடன் முழு இழுவை என்பதால் டயர் சீக்கிரம் தேய்கிறது. வண்டியிலிருந்து வெளியே கரண்ட் எடுக்கிற வசதியும் இருக்கிறது, 3.3 கேவிஏ வரை. குலதெய்வக் கோயில் பொங்கலுக்குக் காட்டுக்குள் ட்யூப்லைட்டும் மைக் செட்டும் ராத்திரி முழுக்க அதில்தான் ஓடின. பேட்டரியில் பத்து சதவீதம்கூடக் குறையவில்லை. அடுத்த வருஷம் ஜெனரேட்டர் வாடகை வேண்டாம் என்று பங்காளிகள் இப்போதே முடிவு செய்துவிட்டார்கள், என்னைக் கேட்காமலே.

பேட்டரி பயம் உள்ளவர்களுக்கு: இது எல்.எஃப்.பி. (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை, வெயிலைத் தாங்குவதிலும் ஆயுளிலும் மற்ற லித்தியம் வகைகளைவிட மேல். நாங்கள் எடுத்தபோது எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி. 2025-இல் இந்த 45 பேட்டரிக்கு ஆயுட்கால வாரண்டி என்று அறிவித்தார்கள், ஆனால் முதல் உரிமையாளருக்கு மட்டும். பேட்டரி எண்பது சதவீதத்துக்குத் தேய்ந்தால்கூட எனக்கு இருநூற்று ஐம்பது கிலோமீட்டர் கிடைக்கும், ஈரோடு போய் வர அறுபது போதும். எனவே விற்கிற எண்ணம் இல்லாதவருக்கு இதில் கவலை குறைவு. மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் வண்டி மாற்றுகிற பழக்கம் உள்ளவர், வாங்குவதற்கு முன்பு பழைய எலெக்ட்ரிக் கார்கள் என்ன விலைக்குப் போகின்றன என்று கோயம்புத்தூர் செகண்ட்ஹேண்ட் கடைகளில் விசாரித்துவிட்டு வரட்டும். நான் சும்மா விலை கேட்டுப் பார்த்தேன். புரோக்கர் வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை, "பேட்டரி ஹெல்த் ரிப்போர்ட் எடுத்துட்டு வாங்க மேடம், அப்பறம் பேசலாம்" என்றார்.